அரசுப் பத்திரத்தின் விலையை நாமே கணக்கிட்டு வரைந்து பார்ப்பது எப்படி?

2022 ஜூலையில் ஒரு நாள் சித்தப்பா போன் செய்தார். அந்த வருடம் ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட 6.54% ஜி.எஸ். 2032 என்ற பத்திரத்தில் அவர் 2 லட்சம் ரூபாய் போட்டிருந்தார். "ஏம்ப்பா, கவர்மென்ட் பத்திரத்துல போட்டா பணம் பத்திரமா இருக்கும்னு சொன்னியே, இப்போ ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம்னு காட்டுது, மீதி எங்க போச்சு?" என்று கேட்டார். வட்டி விகிதம் ஏறினால் பத்திர விலை இறங்கும் என்று அரை மணி நேரம் போனில் விளக்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. அன்று இரவு பைத்தானில் ஒரு வளைகோடு வரைந்து வாட்ஸப்பில் அனுப்பினேன். காலையில் அவரிடமிருந்து வந்த கேள்வி: "அப்போ 2032 வரைக்கும் விக்காம வச்சிருந்தா விலை திரும்ப நூறுக்கு வந்துடுமா?"

சொல்லிப் புரியாத விஷயம் படமாகப் பார்த்ததும் புரிந்திருக்கிறது. அந்தப் படத்தை முதலிலிருந்து எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிதிப் படிப்பு எதுவும் வேண்டாம், கூட்டு வட்டி தெரிந்தால் போதும். நிரல் எழுதிப் பழக்கம் இல்லாதவர்களும் கூடவே செய்து பார்க்கலாம்.

முதலில் பத்திரத்தின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கணக்குக்கு வேண்டியதில் பாதி அதிலேயே இருக்கிறது. 6.54% என்பது கூப்பன், அதாவது 100 ரூபாய் முகமதிப்புக்கு (முதிர்வில் திரும்பக் கிடைக்கும் அசல்) வருடத்துக்கு 6 ரூபாய் 54 காசு வட்டி. ஜி.எஸ். என்றால் அரசுப் பத்திரம். 2032 முதிர்வு ஆண்டு, சரியான தேதி 17 ஜனவரி 2032. மத்திய அரசின் இந்த மாதிரிப் பத்திரங்களில் வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும், ஆகவே இதற்கு ஒவ்வொரு ஜனவரி 17, ஜூலை 17 அன்றும் 3 ரூபாய் 27 காசு. கடைசி நாளில் அந்தத் தவணையோடு அசல் 100 ரூபாயும் சேர்ந்து வரும். மாநில அரசுகள் ஏலம் விடும் வளர்ச்சிக் கடன் பத்திரங்களுக்கும் இதே கணக்குதான்.

இனி வரப்போகும் இந்தத் தொகைகள் எல்லாவற்றுக்கும் இன்றைக்கு என்ன மதிப்பு என்று பார்த்துக் கூட்டினால் அதுதான் விலை. இன்றைய மதிப்பைப் பார்க்க ஒரு வட்டி விகிதம் வேண்டும் அல்லவா, அதைத்தான் சந்தையில் யீல்டு என்கிறார்கள். கூப்பன் என்பது பத்திரம் வெளியான அன்று முடிவானது, அது மாறாது. யீல்டு சந்தையில் தினமும் மாறும். புதிதாக வருபவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான், எனவே இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த மென்பொருளில் செய்வது? மேட்லேப், ஆக்டேவ், ஆர், பைத்தான் எல்லாவற்றிலும் முடியும். நான் பைத்தானைச் சொல்வேன். காசு கிடையாது, கூகுள் கோலாபைத் திறந்தால் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓடும், போனிலும் சமாளிக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு: பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும். கீழே இருக்கும் வரிகளைப் படியெடுத்து ஒட்டினாலே ஓடும். ஆக்டேவில் இந்த வசதி இல்லை. பைத்தானின் சொந்தக் கட்டளைகள் மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அவற்றை நான் ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

2022 ஜூலை 17, அன்றைய வட்டித் தவணை வந்து முடிந்த கையோடு கணக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். முதிர்வுக்கு ஒன்பதரை ஆண்டு, அதாவது 19 தவணைகள் பாக்கி. அந்த ஜூன் மாதம் பத்தாண்டுப் பத்திரங்களின் யீல்டு 7.5 சதவீதத்தைத் தொட்டிருந்தது, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முகமதிப்பு = 100
கூப்பன் = 6.54
யீல்டு = 0.075
தவணை = 19

அரை_யீல்டு = யீல்டு / 2
குறைப்பு = (1 + அரை_யீல்டு) ** -தவணை
விலை = (கூப்பன் / 2) * (1 - குறைப்பு) / அரை_யீல்டு + முகமதிப்பு * குறைப்பு
விலை

கடைசி வரியில் பெயரை மட்டும் எழுதினால் கோலாப் அதன் மதிப்பைக் காட்டும். 93.5597 என்று வர வேண்டும். 2 லட்சம் முகமதிப்புக்கு இது 1,87,119 ரூபாய், சித்தப்பா சொன்ன தொகை.

அந்த நீளமான விலை வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், புரியாமல் ஒட்டினால் அடுத்த பத்திரத்துக்கு மாற்றத் தெரியாது. 'குறைப்பு' என்பது 19 தவணை கழித்து வரும் 1 ரூபாயின் இன்றைய மதிப்பு, இங்கே ஏறக்குறைய 50 காசு. பிளஸ் குறிக்கு வலப்பக்கம் இருப்பது கடைசியில் வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு. இடப்பக்கம் இருப்பது 19 வட்டித் தவணைகளின் மொத்த இன்றைய மதிப்பு. 19 தொகைகளையும் தனித்தனியாகக் குறைத்துக் கூட்டுவதற்குப் பதிலாக, பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்க் கூட்டலை வைத்து ஒரே வரியில் சுருக்கியது, வேறொன்றும் இல்லை. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு விரிதாளில் 19 வரிசை போட்டுத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள், கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும். நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதை ஒரு முறையாவது செய்யச் சொல்வேன்.

இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள் சில. பைத்தானில் அடுக்குக்கு இரண்டு நட்சத்திரக் குறி போட வேண்டும், விரிதாள் பழக்கத்தில் ^ போட்டால் பிழைச் செய்திதான் வரும். 0.075 என்று போடாமல் சதவீதத்தை அப்படியே போடுவது இதைவிட ஆபத்து, ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. யீல்டு இடத்தில் 7 என்று எழுதினால் 700 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு விலை 93 காசு என்று காட்டும். 93 ரூபாய் எதிர்பார்க்கும் இடத்தில் 0.93 வந்தால், விலையை நூறால் வகுத்துக் காட்டுகிறது போல என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், யீல்டு 0 என்று போட்டால் பூஜ்யத்தால் வகுக்க முடியாமல் நின்றுவிடும். யீல்டு பூஜ்யமானால் விலை வெறும் கூட்டல்தான்: 19 தவணை வட்டியும் அசலும் சேர்த்து 162.13.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. யீல்டைக் கூப்பனுக்குச் சமமாக, 0.0654 என்று வையுங்கள். விலை சரியாக 100 வர வேண்டும். கணினிக் கணக்கில் பத்தாவது பன்னிரண்டாவது தசமத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம், ஆனால் 100.3 என்றோ 99.8 என்றோ வந்தால் சூத்திரத்தில் எங்கோ தவறு இருக்கிறது, தேடிப் பிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். இதற்கு நம்பை, மேட்பிளாட்லிப் என்ற இரண்டு நூலகங்கள் வேண்டும், கோலாபில் ஏற்கெனவே இருக்கின்றன, இம்போர்ட் செய்தால் போதும். இப்போது 'யீல்டு' என்ற பெயரில் ஓர் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரிசையையே வைக்கப்போகிறோம். நம்பையின் லின்ஸ்பேஸ் கட்டளைக்கு 0.02, 0.14, 200 என்று கொடுத்தால் 2 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் வரை சம இடைவெளியில் 200 எண்களைத் தரும், அதை 'யீல்டு' என்று பெயரிட்டுக்கொள்ளுங்கள். அரை_யீல்டு முதல் விலை வரை மேலே எழுதிய அந்த மூன்று வரிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை, திரும்ப ஓட்டினால் 200 யீல்டுக்கும் 200 விலை ஒரே மூச்சில் வந்துவிடும். ஆக்டேவில் செய்பவர்கள் வரிசையோடு வரும் பெருக்கல், வகுத்தல், அடுக்குக் குறிகளுக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க மறக்காதீர்கள். அடுக்குக்குப் புள்ளி வைக்காவிட்டால் சதுர அணிதான் வேண்டும் என்று பிழை காட்டி நின்றுவிடும்.

பிறகு மேட்பிளாட்லிப்பின் பிளாட் கட்டளைக்கு, யீல்டு * 100 கிடை அச்சுக்கும் விலை செங்குத்து அச்சுக்கும். கூடவே 100 ரூபாயில் ஒரு படுக்கைக் கோடு போட்டுவிடுங்கள், அதற்கு ஏஎக்ஸ்ஹெச்லைன் என்ற கட்டளை. வளைகோடு அந்தக் கோட்டை வெட்டும் இடம் 6.54-ஆக இருக்கும். அதற்கு இடப்பக்கம் விலை நூறுக்கு மேல், வலப்பக்கம் நூறுக்குக் கீழ். சித்தப்பாவுக்கு நான் அனுப்பிய படத்தில் 7.5-க்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, 'நாம இப்போ இங்க இருக்கோம்' என்று எழுதியிருந்தேன்.

அப்படி எழுதும்போது ஒரு சிக்கல் வரும். மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துருவில் தமிழ் கிடையாது, எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைச் சேர்த்தால் தமிழ் வரும், ஆனால் 'கெ', 'கை' மாதிரி கொம்பும் இணைக்கொம்பும் வரும் எழுத்துகளில் அந்தக் கொம்பு இடம் மாறி விழலாம். நான் இதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, படத்தைச் சேமித்துப் போனின் படத்திருத்தியில் தமிழ் எழுத்தை மேலே போட்டுவிடுகிறேன். வேலை சுத்தமாக முடிகிறது.

படம் வந்ததும் கோடு நேராக இல்லை என்பதைக் கவனியுங்கள். இதே பத்திரத்துக்கு யீல்டு 7 சதவீதம் என்றால் விலை 96.85. அது 6-க்கு இறங்கினால் 103.87, 8-க்கு ஏறினால் 90.41. ஒரே அளவு நகர்வுதான், ஆனால் ஏறுவது 7 ரூபாய் 2 காசு, இறங்குவது 6 ரூபாய் 43 காசு. வளைவு முதலீட்டாளருக்குச் சாதகமாக இருக்கிறது, இதற்குத்தான் கான்வெக்சிட்டி என்று பெயர். சூத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது தோன்றாது, வரைந்தால் தானாகத் தெரியும்.

சரிவையும் எடுத்துப் பாருங்கள். யீல்டு 0.07-க்கு விலை 96.8467, 0.0701-க்கு 96.7796. நூறில் ஒரு பங்கு சதவீதம் ஏறியதற்கு 6.7 காசு இறக்கம். இதை விலையால் வகுத்து ஒரு முழு சதவீதத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 6.93. பரஸ்பர நிதி விவரத்தாள்களில் மாடிஃபைடு டியூரேஷன் என்று ஓர் எண் போட்டிருப்பார்களே, அது இதுதான். யீல்டு ஒரு சதவீதம் ஏறினால் மதிப்பு சுமார் 7 சதவீதம் இறங்கும் என்று உடனே மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது இதே படத்தில் இரண்டாவது கோடு ஒன்றை வரையுங்கள், இந்த இடத்தில் நேரம் செலவிடுவது வீண்போகாது. 2023 நவம்பரில் இந்திய அரசு முதல்முறையாக 50 ஆண்டுப் பத்திரம் ஏலம் விட்டது, 7.46% ஜி.எஸ். 2073. கூப்பன் 7.46, தவணை 100 என்று மாற்றி ஓட்டுங்கள். யீல்டு 6.46 என்றால் விலை 114.84, 8.46 என்றால் 88.37. ஒரு சதவீத நகர்வுக்குப் பத்தாண்டுப் பத்திரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டம். அமெரிக்காவில் 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்ததில் இந்த ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு: வட்டி குறைவாக இருந்தபோது வாங்கிய நீண்டகாலப் பத்திரங்கள், வட்டி வேகமாக ஏறிய பிறகு பணம் கேட்டு வந்தவர்களுக்காக நட்டத்தில் விற்க வேண்டிய நிலை. அரசுப் பத்திரம்தானே என்று நீண்ட முதிர்வை வாங்கப்போகும் யாராக இருந்தாலும், பணத்தைப் போடுவதற்கு முன்பு இந்த இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒரு தடவை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி ரீடெய்ல் டைரக்ட் தளத்தைத் திறந்த பிறகு, 10,000 ரூபாய் இருந்தால் எவரும் நேரடியாக வாங்கலாம் என்று ஆகிவிட்டது. வாங்குவது அவ்வளவு எளிதாகிவிட்ட நிலையில், எதை வாங்குகிறோம் என்று பார்த்துக்கொள்ளும் வேலை நம்முடையது.

இதுவரை வட்டித் தேதியன்றே கணக்குப் போட்டோம். நிஜத்தில் நடுவில் ஒரு நாளில்தான் வாங்குவோம். 2022 ஆகஸ்ட் 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வட்டி வந்தது ஜூலை 17. நாட்காட்டியில் எண்ணினால் 43 நாள், ஆனால் இந்தப் பத்திரங்களுக்குச் சந்தை வழக்கம் மாதம் 30 நாள், வருடம் 360 நாள் என்பது. அப்படி எண்ணினால் ஒரு மாதமும் 12 நாளும், 42 நாள். கூப்பன் 6.54, யீல்டு 0.07, தவணை 19 என்று திரும்ப வைத்து முதல் வரிகளை ஓட்டிவிட்டு, இதைச் சேருங்கள்:

நாள் = 42
டர்ட்டி_விலை = விலை * (1 + அரை_யீல்டு) ** (நாள் / 180)
சேர்ந்த_வட்டி = கூப்பன் * நாள் / 360
கிளீன்_விலை = டர்ட்டி_விலை - சேர்ந்த_வட்டி

டர்ட்டி விலை 97.63, சேர்ந்த வட்டி 0.763, கிளீன் விலை 96.86. திரையில் காட்டுவது கிளீன் விலை, உங்கள் கணக்கிலிருந்து போவது டர்ட்டி விலை. 10,000 ரூபாய் முகமதிப்புக்கு 9,763 ரூபாய் கட்டுவீர்கள். விற்றவர் 42 நாள் வைத்திருந்ததற்கான வட்டியை நீங்கள் முன்னாடியே கொடுத்துவிடுகிறீர்கள், அடுத்த ஜனவரியில் முழு ஆறு மாத வட்டியும் உங்களுக்கே வரும், அவ்வளவுதான். லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் எக்செல்லிலும் பிரைஸ் என்ற சார்பு உண்டு, வருடத்துக்கு 2 தவணை, நாள் எண்ணும் முறை 0 என்று கொடுத்தால் அது தருவதும் இந்தக் கிளீன் விலையைத்தான். உங்கள் விடையை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்களுக்கு (டிரெஷரி பில் என்ற குறுகிய கால அரசுப் பத்திரங்கள்) இவ்வளவு பாடு இல்லை. கூப்பன் கிடையாது, 100-ஐ (1 + யீல்டு * நாள் / 365) என்பதால் வகுத்தால் விலை, அங்கே மட்டும் நிஜ நாட்களை எண்ண வேண்டும்.

தலைகீழான கேள்வியும் அடிக்கடி வரும்: விலை 95 என்று காட்டுகிறது, யீல்டு எவ்வளவு? இதற்கு நேரடிச் சூத்திரம் இல்லை, ஊகித்துத் திருத்த வேண்டும். மறுபடி ஜூலை 17-க்கே போவோம். 7 சதவீதத்தில் தொடங்கினால் விலை 96.8467, 1.8467 அதிகம். சரிவு நமக்குத் தெரியும், யீல்டு 1 சதவீதம் ஏறினால் சுமார் 6.715 ரூபாய் இறங்கும். 1.8467-ஐ 6.715-ஆல் வகுத்தால் 0.275, ஆக அடுத்த ஊகம் 7.275 சதவீதம். அங்கே விலை 95.02, கிட்டே வந்துவிட்டோம். இன்னொரு சுற்று போனால் 7.278, அதற்கு மேல் நகராது. நியூட்டன் முறை என்பது இதுதான், கையாலேயே இரண்டு சுற்றில் முடிகிறது. சைபை என்ற இன்னொரு நூலகத்தில் இருக்கும் பிரென்ட்க்யூ கட்டளை இதே வேலையை வேறு வழியில் தானாகச் செய்யும்.

வரைந்த கோட்டிலிருந்தே படித்துவிடலாம் என்று நம்பையின் இன்டர்ப் கட்டளையைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விலை வரிசை அதற்கு ஏறுமுகமாக இருந்தாக வேண்டும். நம் வரிசையோ யீல்டு ஏற ஏற விலை இறங்குவது. அப்படியே கொடுத்தால் எந்தப் பிழையும் காட்டாமல் தவறான விடை தரும். இரண்டு வரிசைகளையும் தலைகீழாகத் திருப்பிவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக சித்தப்பாவின் காலைக் கேள்வி. யீல்டை 0.075-இலேயே நிறுத்திவிட்டு, இந்த முறை தவணையை வரிசையாக்குங்கள்: லின்ஸ்பேஸுக்கு 19, 0, 20 என்று கொடுத்தால் 19-இலிருந்து 0 வரை ஒவ்வொன்றாக இறங்கும். அதே மூன்று வரிகள். வரையும்போது கிடை அச்சுக்கு

கடந்த_தவணை = 19 - தவணை

என்று வைத்துக்கொண்டால் காலம் இடமிருந்து வலமாகப் போகும். 19 தவணை பாக்கி இருக்கும்போது 93.56, 10 பாக்கி என்றால் 96.06, 2 பாக்கி என்றால் 99.09, முதிர்வன்று 100. இது கிளீன் விலை போகும் பாதை. டர்ட்டி விலையையும் நாள்வாரியாக வரைந்தால் அரம்பப் பல் மாதிரி இருக்கும், வட்டித் தேதி வரை ஏறி, அன்று 3 ரூபாய் 27 காசு ஒரேயடியாக இறங்கி, மறுபடி ஏறும். நடுவில் யீல்டு எப்படி வேண்டுமானாலும் ஆடலாம், அப்போது கோடு இவ்வளவு வழவழப்பாக இருக்காது, ஆனால் வலது ஓரத்தில் எல்லாக் கோடுகளும் 100-இல்தான் வந்து சேரும். யீல்டு 5, 7, 9 என்று மூன்று கோடுகள் போட்டுப் பாருங்கள், மேலிருந்து ஒன்றும் கீழிருந்து இரண்டும் ஒரே புள்ளிக்கு வருவது தெரியும்.

அந்தப் படத்தைத்தான் சித்தப்பாவுக்கு இரண்டாவதாக அனுப்பினேன். அவர் விற்கவில்லை.